மகாபொல, பர்சரி: தோட்டத்துப் பிள்ளைகள் தாள்களைச் சேர்க்கும் வழி

இலங்கையின் அரச பல்கலைக்கழகத்தில் முதலாவது பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. இடம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். செலவு வேறு பக்கத்திலிருந்து வரும். ஹொஸ்டல் அல்லது போடிங், சாப்பாடு, பஸ், புத்தகம், போட்டோ கொப்பி, நாளடைவில் ஒரு லெப்டொப். மாதா மாதம் வரும் இந்தச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கத்தான் மகாபொல, பர்சரி என்ற இரண்டு உதவித் தொகைகளும் இருக்கின்றன. தகுதி இருந்தும் இவற்றை இழப்பவர்கள் பெரும்பாலும் புள்ளியால் இழப்பதில்லை, தாளால்தான் இழக்கிறார்கள். பெயர் ஒத்துப்போவதில்லை, வருமானம் கூடுதலாக எழுதப்படுகிறது, கடிதம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து சேர்வதில்லை.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பெருந்தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வாரமே தொடங்குங்கள். பெறுபேறு வரட்டும் என்று காத்திருந்தால் மாவட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கவுண்டரில் நிற்பீர்கள்.

1. எந்த உதவி எங்கிருந்து வருகிறது

மகாபொல என்பது மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் தருவது. பர்சரி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாக வருவது. மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானம் குறைந்த மாணவர்களுக்குப் பர்சரி. இரண்டையும் ஒருவர் சேர்த்துப் பெற முடியாது. 2025 ஏப்ரல் முதல் மகாபொல தவணை ஒன்றுக்கு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. மாதக் காசு என்று சொன்னாலும் மகாபொல வருடத்துக்கு 12 தடவை வராது, 10 தவணைதான். ஆகவே வீட்டில் கணக்குப் போடும்போது தவணைத் தொகையை 12ஆல் பெருக்காதீர்கள். தவணை 7,500 என்றால் வருடத்துக்கு 75,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்

ஐந்து தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டை, அப்பாவின் அடையாள அட்டை, அம்மாவின் அடையாள அட்டை. அவற்றோடு பெற்றோரின் சம்பளச் சிட்டையையும் வையுங்கள். இப்போது ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மலையகத்தில் இந்த இடத்தில்தான் அதிகம் சிக்கும். பிறப்புச் சான்றிதழில் அப்பா "இராமசாமி", அடையாள அட்டையில் "ராமசாமி", செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) "ராமன்". அம்மா திருமணத்துக்கு முன் எடுத்த அடையாள அட்டையில் தாத்தாவின் பெயர், சம்பளச் சிட்டையில் அப்பாவின் பெயர். ஆங்கில எழுத்தில் ஒரு "டி"யும் இரண்டு "டி"யும் மாறி மாறி வரும். தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்துக்கு மாற்றிய பெயர்கள் இப்படித்தான் இருக்கும்.

சிறிய வேறுபாடு என்றால் சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். "இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கும்" என்பதுதான் அதன் சாரம். ஆனால் இரண்டு பெயர்களையும் அந்தந்தத் தாளில் உள்ளபடியே எழுத வேண்டும், எந்தத் தாளில் எந்தப் பெயர் என்றும் அதன் இலக்கத்தோடு குறிப்பிட வேண்டும். "பெயரில் தவறு உள்ளது" என்று பொதுவாக எழுதிய சத்தியக் கடதாசி உதவாது. மூன்று மூலப் பிரதிகள் எடுத்து வையுங்கள். வங்கி ஒன்றைக் கேட்கும், பல்கலைக்கழகம் ஒன்றைக் கேட்கும்.

உங்கள் சொந்தப் பெயரே பிறப்புச் சான்றிதழில் வேறாகவோ இல்லாமலோ இருந்தால் சத்தியக் கடதாசியோடு நிறுத்தாதீர்கள். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். இது கிழமைக் கணக்கில் முடியாது, மாதக் கணக்கில் இழுக்கும். பாடசாலை இடாப்பின் பிரதி, ஞானஸ்நான அல்லது பெயர் சூட்டிய அத்தாட்சி, தோட்ட வைத்திய நிலையத்தில் உள்ள பழைய அட்டை என்று சிறு வயதில் அந்தப் பெயர் வழங்கியதைக் காட்டும் எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள்.

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி வேண்டுமானால் பழைய பிரதியில் உள்ள பதிவு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு போங்கள். இலக்கம் தெரிந்தால் கட்டணம் குறைவு. பதிவேட்டைத் தேடச் சொன்னால் காசும் கூடும், நாளும் கூடும். கணினியில் ஏற்றிய பதிவென்றால் பிறந்த ஊருக்கே போகத் தேவையில்லை, பக்கத்துப் பிரதேச செயலகத்திலேயே எடுக்கலாம்.

3. தோட்ட ஆபீசில் கேட்க வேண்டியவை

தோட்ட ஆபீசுக்கு ஒரு தடவை போய் எல்லாவற்றையும் கேளுங்கள். சம்பள நாளிலும் அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களிலும் போகாதீர்கள், கிளாக்கருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. வேண்டியவை இவை:

அப்பா, அம்மா இருவரதும் கடந்த 12 மாதச் சம்பள விபரம். சிட்டைகள் வீட்டில் இருந்தால் அவையே போதும், இல்லாவிட்டால் தோட்டத்துக் கடிதத் தலைப்பில் மாதவாரியாகப் பெறுங்கள். வேலை செய்த நாட்கள், மொத்தச் சம்பளம், இரண்டும் அதில் இருக்க வேண்டும். வேலை உறுதிக் கடிதம்: பதிவு இலக்கம், டிவிஷன், வேலைக்குச் சேர்ந்த திகதி, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம். வதிவிடக் கடிதம்: இந்த டிவிஷனில், இத்தனையாம் இலக்க லயத்தில், இத்தனையாம் காம்பிராவில் (அறையில்) குடும்பம் இருக்கிறது என்று.

மூன்றிலும் துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையொப்பம், பதவி முத்திரை, திகதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திகதியில்லாத கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் திருப்பிவிடுவார்கள். திரும்ப வந்து கேட்கும்போது துரை ஃபீல்டுக்குப் போயிருப்பார்.

கடிதத்தைச் சும்மா வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட, உள்ளடக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கிளாக்கரிடம் கொடுப்பது நல்லது. பாதி நேரம் மிச்சம், பெயரில் பிழை வராது. "இதுக்கெல்லாம் தலைவரைக் கூட்டிட்டு வா" என்று சொன்னால் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிப்போவதில் தவறில்லை. ஆனால் கடிதத்துக்காக யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

4. வருமானக் கணக்கை நீங்களே போடுங்கள்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். உதவி கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

வருமானச் சான்றிதழ் எழுதுகிறவர் கையில் சிட்டை இல்லாவிட்டால் நாட்சம்பளத்தை எடுத்து 30ஆல் பெருக்கி, 12ஆல் பெருக்கி, பெற்றோர் இருவர் என்றால் இரண்டாலும் பெருக்கிவிடுவார். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை வைத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 1,350 × 30 × 12 = 486,000. இருவருக்கு 972,000. தாளில் இது வசதியான குடும்பம்.

உண்மையில் மாதம் 30 நாளும் எந்தத் தோட்டத்தில் பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழுகிறது? ஞாயிறு இல்லை, போயா இல்லை, அடைமழைக் காலத்தில் கொழுந்து இருந்தாலும் மலையில் நிற்க முடியாது, வறட்சியில் கொழுந்தே இல்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர். வருடச் சராசரி மாதம் 20 பேர் என்று வைத்தால் ஒரு ஆளுக்கு 1,350 × 20 × 12 = 324,000, இருவருக்கு 648,000. முதற்கணக்குக்கும் இதற்கும் மூன்று இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். உங்களுடைய சராசரி 20ஆகவும் இருக்கலாம், 16ஆகவும் இருக்கலாம், 23ஆகவும் இருக்கலாம். சிட்டையில் உள்ளதை எடுங்கள், ஊகிக்காதீர்கள். இடையில் நாட்சம்பளம் மாறியிருந்தால் பழைய மாதத்துக்குப் பழைய தொகைதான்.

ஒரு முழு வெள்ளைத் தாளில் அட்டவணை போடுங்கள். முதல் நிரலில் மாதம், இரண்டாவதில் அப்பாவின் பேர், மூன்றாவதில் அப்பாவின் மொத்தச் சம்பளம், அடுத்த இரண்டில் அம்மாவுடையது, கடைசியில் கூட்டுத்தொகை. அடியில் 12 மாத மொத்தம். இதற்குப் பின்னால் சிட்டைகளை மாத வரிசையில் பின் அடித்து வையுங்கள். இப்படி ஒரு தாளை முன்னால் வைத்தால் எந்த அலுவலரும் 30ஆல் பெருக்கமாட்டார். அவருக்கும் வேலை குறைகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சிட்டையின் அடியில் "கையில் கொடுத்தது" என்று ஒரு தொகை இருக்கும். ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில், தேயிலைத்தூள், கடன் எல்லாம் போய் மிஞ்சியது அது. சில மாதங்களில் 9,000, 10,000 என்றுகூட இருக்கும். அதுதான் எங்கள் வருமானம் என்று எழுதாதீர்கள். கேட்பது கழிவுக்கு முந்திய மொத்தம். கைக்காசுக்குப் பறித்தது (நாட்சம்பளத்துக்கு வெளியே கிலோக் கணக்கில் காசு தருவது) சிட்டையில் இருந்தால் அதையும் சேருங்கள். முற்பணத்தையும் கடனையும் காட்டிக் குறைத்து எழுதியவர்களின் விண்ணப்பம் சரிபார்க்கும்போது பொய்க்கணக்காகிவிடுகிறது. பொய் என்று ஒருமுறை குறித்துவிட்டால் விளக்கம் சொல்லி மீளுவது கடினம்.

நீங்கள் போட்ட கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஈ.பி.எஃப்.புக்குத் தொழிலாளி 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்டுகின்றன, மொத்தம் 20 வீதம். ஆகவே ஈ.பி.எஃப். கணக்குக் கூற்றில் ஒரு மாதத்துக்கு வரவான தொகையை ஐந்தால் பெருக்கினால் அந்த மாதச் சம்பளம் ஏறக்குறைய வரும். 5,400 என்றால் 27,000. அட்டவணைக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் கிளாக்கரிடம் போய்க் கேளுங்கள், உங்கள் பக்கமோ ஆபீஸ் பக்கமோ ஏதோ விடுபட்டிருக்கிறது.

படிவத்தில் தம்பி தங்கைகளைப் பற்றியும், ஏற்கனவே கெம்பஸில் படிக்கும் அக்கா அண்ணனைப் பற்றியும் கேட்பார்கள். இதைப் பலர் சும்மா நிரப்பி, அத்தாட்சி இணைக்காமல் விடுகிறார்கள். படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபரின் கடிதமும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் வையுங்கள். பாடசாலை விடுமுறையில் அதிபர் கடிதம் கிடைக்காது, தவணை முடியுமுன் எடுங்கள்.

5. கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும்

ஒழுங்கு இதுதான்: முதலில் கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலாளரின் மேலொப்பம். மேலொப்பமில்லாத வருமானச் சான்றிதழ் பாதிச் சான்றிதழ்தான்.

கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், ஒரே பிரிவில் பல தோட்டங்கள் அவருக்கு இருக்கும். கதவில் ஒட்டியிருக்கும் நாட்களைப் பாருங்கள் அல்லது முதல் நாள் ஒரு கோல் எடுங்கள். அவருடைய வதிவிடச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பரீட்சை எழுதியதுமே எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பதியும்போது காலாவதியான தாளோடு நிற்பவர்கள் அதிகம். சிட்டைகளையும் தோட்டக் கடிதங்களையும் முன்கூட்டிச் சேருங்கள், இந்தச் சான்றிதழை மட்டும் விண்ணப்பக் காலம் நெருங்கும்போது எடுங்கள்.

எந்தச் செயலகம் என்பதையும் உறுதி செய்யுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் செயலகங்கள் பிரிக்கப்பட்ட பிறகு, முன்பு அம்பகமுவவுக்கும் நுவரெலியாவுக்கும் போன பல தோட்டங்கள் இப்போது நோர்வூட்டுக்கும் தலவாக்கலைக்கும் போக வேண்டும். அப்பாவின் பழைய தாளைப் பார்த்து பஸ் ஏறினால் ஒரு நாட்பேரும் பஸ் காசும் போகும். கிராம உத்தியோகத்தரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்திலும் பதுளையின் பல பிரிவுகளிலும் இரு மொழி நிர்வாகம், கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதிகாரி தன் குறிப்பைச் சிங்களத்தில் எழுதித் தந்தால் அதற்காகச் சண்டை பிடித்து நாளைக் கடத்த வேண்டாம், அது அப்படியே செல்லும். பெயரும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்பதை மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கவுண்டரை விட்டு நகருங்கள். சந்தேகம் வந்தால் அரச தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்தால் தமிழில் பதில் கிடைக்கும்.

6. சிட்டை இல்லாத வீடுகள்

அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார் என்றால் முதலாளியின் கடிதம் வேண்டும். கடையின் வியாபாரப் பதிவு இலக்கம் அதில் இருந்தால் மதிப்பு கூடும். கடிதம் தரமறுத்தால் சத்தியக் கடதாசியும் வங்கிக்கு வந்த காசின் விபரமும்.

அம்மா வெளிநாட்டில் என்றால் அதை மறைக்க வேண்டாம். அனுப்பிய காசு வங்கியில் தெரியும், கிராம உத்தியோகத்தருக்கும் தெரியும். ஒப்பந்தப் பிரதியும் 12 மாத வங்கிக் கூற்றும் வையுங்கள். திரும்பி வந்துவிட்டார் என்றால் கடவுச்சீட்டில் உள்ளே வந்த முத்திரைப் பக்கத்தின் பிரதி.

தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்குக் காசு தரும் முறையில் இருக்கிறவர்களுக்கு நாட்சம்பளச் சிட்டை இராது. கொழுந்து எடை போட்ட துண்டுகளைச் சேர்த்து வையுங்கள், தோட்டத்திடம் மாதக் கொடுப்பனவுக் கடிதம் கேளுங்கள். உரம், மருந்துக்குக் கழித்ததையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். விட்டுப்போனவர் என்றால் கிராம உத்தியோகத்தரின் குறிப்பு. அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும பெறும் குடும்பம் என்றால் அந்த அத்தாட்சியையும் இணையுங்கள், கேட்காவிட்டாலும்.

7. முகவரி, தொலைபேசி, வங்கி

லயத்துக்குத் தபால் நேராக வராது. தோட்ட ஆபீசிலோ பெட்டியிலோ கிடந்து, யாராவது எடுத்து வந்தால்தான் உண்டு. முகவரியில் தோட்டம், டிவிஷன், லயம், தபால் நிலையம் நான்கையும் எழுதுங்கள். அதை நம்பியிருக்காமல், உங்கள் சொந்த சிம்மின் இலக்கத்தையும் நீங்களே திறக்கக்கூடிய மின்னஞ்சலையும் கொடுங்கள். கொம்யூனிகேஷன் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு விண்ணப்பம் அனுப்பித் தருவது ஊரெங்கும் நடக்கிறது. கடவுச்சொல் அவரிடம் இருக்கும், மூன்று மாதத்துக்குப் பிறகு அவருக்கு நினைவிருக்காது. கடையிலேயே உட்கார்ந்து உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறக்கச் சொல்லுங்கள், கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதுங்கள். அந்த சிம்மை முதல் வருடம் முடியும்வரை மாற்றாதீர்கள்.

வங்கிக் கணக்கு மாணவரின் தனிப் பெயரில் இருக்க வேண்டும். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, சிறுவர் கணக்கு வேண்டாம். எந்த வங்கி என்று பல்கலைக்கழகம் சொன்ன பிறகு திறந்தால் இரண்டு தடவை திறக்கும் வேலை இல்லை. பாஸ் புத்தகத்தில் உள்ள பெயரும் பல்கலைக்கழகப் பதிவில் உள்ள பெயரும் முதலெழுத்து உட்பட ஒன்றாக இருக்கட்டும்.

விண்ணப்பத்தின் முழுப் பிரதி ஒன்றை, இணைத்த எல்லாத் தாளோடும், ஒரு பைலில் வீட்டில் வையுங்கள். போனில் எடுத்த படம் பிரதிக்குப் பதிலாகாது, இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

8. முதல் காசு வரும்வரை

விரிவுரை தொடங்கிய மாதமே மகாபொல வராது. பெயர்ப்பட்டியல் வந்து, விரிவுரை வரவு உறுதியாகி, கணக்குக்கு வர மாதங்கள் ஆகலாம், பிறகு நிலுவை சேர்ந்து வரும். ஆகவே முதல் ஐந்தாறு மாதச் செலவை வேறு வழியில் பார்த்து வைக்க வேண்டும். ஹொஸ்டல் கிடைத்தால் அந்தச் செலவு மிகக் குறைவு. முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும் பொதுவாக முன்னுரிமை உண்டு, தூரத்தையும் வருமானத்தையும் பார்ப்பார்கள். அதற்கும் இதே வருமானச் சான்றிதழ்தான், எனவே மேலொப்பமிட்ட மூலப் பிரதி ஒன்றுக்கு மேல் கேட்டு வாங்குங்கள். போடிங் என்றால் முற்பணம் கேட்பார்கள். எத்தனை மாத முற்பணம், போகும்போது திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மகாபொலவை நம்பி வட்டிக்கு வாங்கவோ நகை அடகு வைக்கவோ வேண்டாம். தவணை வரும் திகதி உங்கள் கையில் இல்லை, வட்டித் திகதி நிச்சயம் வரும்.

9. வேறு உதவிகள்

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் இருக்கிறது, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில். உயர்தர மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தருகிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் அறிவித்தல் வரும், கண்டியில் உள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்திலும் கேட்கலாம். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான துரையின் கடிதம்தான் இதற்கு முதல் தாள், மூன்றாம் படியில் எடுத்த அதே கடிதம்.

ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) சபையும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் புலமைப்பரிசில் தருகிறது. தோட்டம் அப்பா அம்மா பெயரில் 3 வீதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இதைக் கேட்டு விண்ணப்பிப்பவர்கள் சொற்பம்.

இந்தியாவில் படிக்க விரும்பினால் இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் படிப்புக் கட்டணத்தையும் மாதப் படியையும் தருகின்றன. மருத்துவத்துக்கு இல்லை. பெறுபேற்றுச் சான்றிதழ் ஆங்கிலத்தில் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும். மூன்றுக்கும் காசும் காலமும் வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் படிக்க அரசு வட்டியைக் கட்டும் கடன் திட்டத்தைச் சிலர் "இலவசப் படிப்பு" என்று விளம்பரம் செய்கிறார்கள். அது கடன். முதல் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

ஒவ்வொரு படிவத்திலும் வேறு உதவி பெறுகிறீர்களா என்று கேட்பார்கள். பெற்றால் பெறுகிறேன் என்றே எழுதுங்கள்.

10. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், இடையில் நின்றால்

பட்டியல் வந்து பெயர் இல்லை என்றால் அந்த வாரமே மாணவர் நலன் பிரிவுக்குப் போய்க் காரணத்தைக் கேளுங்கள். "வருமானம் கூட" என்றால் அட்டவணையையும் சிட்டைகளையும் வைத்து மேன்முறையீடு எழுதுங்கள். "ஆவணம் போதாது" என்றால் எது என்று குறித்து வாங்குங்கள். மேன்முறையீட்டை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் போடச் சொல்லுங்கள். மகாபொல இல்லை என்றானதும் பர்சரி தானாக வரும் என்று சும்மா இருக்காதீர்கள், அதற்கான தாள் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

கிடைத்த பிறகும் 80 வீத விரிவுரை வரவு வேண்டும், பரீட்சையில் சித்தி வேண்டும். வீட்டில் திருவிழா, திருமணம், மரணம் என்று அடிக்கடி மலையேறுபவர்களுக்கு வரவுதான் முதலில் குறையும். சுகவீனம் என்றால் அரச வைத்தியரின் சான்றிதழை உரிய நாளுக்குள் பீடத்தில் கொடுத்துவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு தவணை நின்ற பிறகு காட்டினால் ஏற்கமாட்டார்கள். ஒரு தவணை வரவில்லை என்றால் வகுப்பில் மற்றவர்களுக்கும் வரவில்லையா என்று முதலில் கேளுங்கள். யாருக்கும் வராவிட்டால் பொதுத் தாமதம், காத்திருக்கலாம். உங்களுக்கு மட்டும் வராவிட்டால் பாஸ் புத்தகத்தோடு அன்றே பிரிவுக்குப் போங்கள்.